கூப்பிட்டால் வராத காவல்காரன்

துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில் காங்கல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரின் பெயரே அங்குள்ள ஆட்டுக்காவல் நாய்க்கும். மணல்நிற உடம்பு, கரிய முகம். ஆண் நாய் 50 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். ஓநாய் குரல்வளையைக் குறிவைக்கும் என்பதால் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை பூட்டுவார்கள்.

இந்த நாயை ஆசைப்பட்டு வாங்கியவர்கள் முதலில் புலம்புவது, "கூப்பிட்டால் வருவதில்லை" என்றுதான். காதும் நன்றாக இருக்கிறது, புத்திக்கும் குறைவில்லை. ஆட்டுக்காரர் தூங்கும் நேரத்தில் இதற்கு வேலை. இருட்டில் ஓநாய் வரும்போது யாரை எழுப்பி உத்தரவு கேட்பது? தானாக முடிவெடுத்துத் தடுத்த நாய்களின் குட்டிகளையே மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டார்கள். ஆகவே இதனிடம் "உட்கார்" என்று பத்துமுறை சொல்வது வீண். இரண்டாம் முறையோடு எழுந்து போய்விடும்.

1970களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கரும் அவர் மனைவி லோர்னாவும் இத்தகைய நாய்களை அமெரிக்கப் பண்ணைகளில் விட்டுக் கவனித்தார்கள். அவர்கள் சொன்னபடி, ஓநாயின் வேட்டை ஒரு வரிசைப்படி நடக்கும்: உற்றுப் பார்க்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். ஆடுகளை ஓட்டிச்செல்லும் பார்டர் கோலியிடம் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது மட்டும் தீவிரமாக மிஞ்சியிருக்கிறது. காவல் நாயிடம் அந்த வரிசை ஏறக்குறைய அடங்கியே கிடக்கிறது. ஆடு மிரண்டு ஓடினாலும் அதற்குத் துரத்தத் தோன்றுவதில்லை. மந்தைக்குள் படுத்துக் கிடக்க முடிவது அதனால்தான்.

ஆனால் ஆட்டின்மேல் பாசம் பிறப்பிலேயே வருவதில்லை. நாய்க்குட்டிக்கு ஏறக்குறைய மூன்றாம் வாரம் தொடங்கிச் சில மாதங்கள் வரை ஒரு பருவம் உண்டு. அப்போது யாரோடு வளர்கிறதோ அவர்களே அதற்குச் சொந்தம். ஆட்டுப்பட்டியில் வளர்த்தால் ஆடு சொந்தம்; வீட்டு வாசலில் வளர்த்தால் மனிதர்கள் மட்டுமே சொந்தம், பிறகு மந்தையோடு அனுப்பினாலும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். சொந்தம் ஆடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் அருகே மிடில் தீவில் சின்னஞ்சிறு பென்குயின்களை நரிகள் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. 2006இல் அங்கே காவலுக்கு விட்டவை இத்தாலிய மரெம்மா நாய்கள். செம்மறியோடு பழகும் இனம் பறவைக்கும் காவல் நின்றது.

மிகச் சிக்கலான காலம் ஆறாம் மாதத்துக்குப் பின் வரும். உடம்பு பெரிய நாயாகிவிடும், புத்தி குட்டியாகவே இருக்கும். விளையாட்டுக்கு ஆட்டுக்குட்டியின் காதைக் கடிக்கும், கம்பளியைப் பிடித்து இழுக்கும். ஆடு ஓடினால் விளையாட்டு இன்னும் ருசிக்கும், நாளடைவில் பழக்கமாகிவிடும். பலர் இந்தக் கட்டத்தில்தான் "கெட்ட நாய்" என்று விற்றுவிடுகிறார்கள், அவசரப்பட்டு. குறும்பு செய்த கணத்திலேயே கண்டிக்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், ஆடுகள் கண்ணில் படும்படி வைக்கலாம். முட்டித் தள்ளத் தயங்காத கிழட்டு ஆடுகளோடு அடைத்தால் அவையே பாதிப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும். முழுப் பொறுப்பு வர இரண்டு வயதாகும்.

கடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? கூடவே கூடாது. நல்ல காவல் நாய் பெரும்பாலும் சண்டை போடுவதில்லை. எல்லையில் சிறுநீர் அடையாளம் வைக்கும், இரவெல்லாம் குரைக்கும், வருபவனுக்கும் மந்தைக்கும் நடுவே வந்து நிற்கும். நமீபியாவில் லாரி மார்க்கர் நிறுவிய சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் காங்கல் வகை நாய்களை ஆட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவருகிறது. சிவிங்கிப்புலிக்கு வேகம்தான் மூலதனம். காயம்பட்டால் வேட்டையாட முடியாது. எதிர்த்து நிற்கும் ஒரு நாயைக் கண்டாலே பெரும்பாலும் விலகிவிடும். ஆடும் பிழைக்கிறது, சிவிங்கிப்புலியும் ஆட்டுக்காரரின் தோட்டாவுக்குத் தப்புகிறது.

நம்மூர் நகரத்து வீடுகளிலும் இப்போது இத்தகைய பெரிய நாய்களை வாங்க ஆசைப்படுகிறார்கள். ஆடில்லாத வீட்டில் குழந்தைகளே அதன் மந்தை. அவர்களோடு விளையாட்டாக மல்லுக்கட்டும் பக்கத்து வீட்டுப் பையன் அதன் கண்ணுக்கு எதிரி. இரவுக் குரைப்புக்காக அடித்தால், வேலை செய்ததற்கே அடி என்று நாய் குழம்பும். இரவில் உள்ளே படுக்கவைப்பது மேல். விருந்தாளி வந்தால் கயிற்றில் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரே வாசலுக்குப் போய் அழைத்துவர வேண்டும். வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்ட ஆள் என்று புரிந்தால் அது பேசாமல் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்போதும் ஒரு கண் அவர்மேல் இருக்கும்.