யாரு வீட்டுப் புள்ளையக் காணோம்?

2018 மே மாதம். வால்பாறையில் எங்கள் லைன் வீட்டுப் பக்கம் போர்வை விற்க வந்த வடநாட்டு ஆள் ஒருவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றிக்கொண்டிருந்த நேரம். "மூட்டையக் கொட்டு" என்றார் ஒருத்தர். நான் ஓரமாக நின்றேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், எனக்கும் சந்தேகம்தான்.

கொழுந்தெடுத்துவிட்டு வந்த பாட்டி ஒருவர் உள்ளே நுழைந்தார். "சரிப்பா, யாரு வீட்டுப் புள்ளையக் காணோம்? பேரச் சொல்லுங்க, எல்லாரும் போய்த் தேடுவோம்."

ஒருவரிடமும் பேர் இல்லை. கூட்டம் கலைந்தது.

அதே மாதம் 9ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஒரு கூட்டம் அடித்தது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த வயதான அம்மா செத்துப்போனார். கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம்.

பாட்டியின் கேள்வி எப்படி வேலை செய்தது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். வதந்தியில் பேர் இருக்காது, தேதி இருக்காது. எப்போதும் "பக்கத்து ஊர்ல". அதனால்தான் எந்த ஊருக்கும் பொருந்துகிறது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவர் கோபத்தையே சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். "இவன் நல்லவன்" என்று நான் சொல்லியிருந்தால், "நீயும் கூட்டா?" என்று என் பக்கம் திரும்பியிருப்பார்கள். பாட்டி அந்த ஆளுக்காக வாதாடவே இல்லை. பிள்ளையின் பக்கம் நின்று, புகார் என்ன என்று மட்டும் கேட்டார். நிரூபிக்கும் பாரம் குற்றம் சொன்னவர்கள் தலையில் ஏறிவிட்டது.

அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய 'கடத்தல்' வீடியோ கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர் பிள்ளையைத் திருப்பி விடுகிற கடைசிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு அறிவித்தது.

2023 மார்ச்சில் பயம் திசை மாறியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள். இந்த முறை குற்றவாளிகள் நாம்! ஒன்று பீகார் தொழிலாளர்களே தங்களுக்குள் போட்ட சண்டை, மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை என்று டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசு அனுப்பிய குழுவும் நேரில் வந்து விசாரித்தது.

இங்கே எஸ்டேட்களில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் நிறைய. பக்கத்து வீட்டு ஜார்க்கண்ட் பையனுக்கு அவன் அம்மா ராத்திரியெல்லாம் போன். "செத்தது யாரு, எந்த ஊருன்னு கேளு தம்பி" என்றேன். கேட்டான். அங்கேயும் பேர் இல்லை. காலையில் வீடியோ கால் போட்டு, தேயிலைக் காட்டையும் பல் தேய்த்துக்கொண்டு நின்ற என்னையும் காட்டினான். அவனோடு தங்கியிருந்த இரண்டு பேர் அப்படியும் நம்பாமல் முதல் பஸ்ஸில் பொள்ளாச்சிக்கு இறங்கிவிட்டார்கள்.