தொலைநோக்கிக்கு ஏற்ற ஒளிப்படக் கருவி

அர்ஜென்டீனா நாட்டின் பெருநகரங்களுள் ரொசாரியோ என்பதும் ஒன்று. அந்நகரில் வாழும் விக்டர் பூசோ என்பவர் பூட்டும் திறவுகோலும் செப்பனிடும் தொழிலினர். பகலில் அத்தொழிலைச் செய்யும் அவர், இரவில் தம் வீட்டின் மாடியில் தாமே அமைத்துக்கொண்ட சிறு கூடத்திலிருந்து விண்ணை ஆராய்வார். 2016-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் இரவு, அவர் தம்முடைய 16 அங்குலத் தொலைநோக்கியில் புதியதோர் ஒளிப்படக் கருவியைப் பொருத்திச் சோதித்துக்கொண்டிருந்தார். என்.ஜி.சி. 613 என்று பட்டியலில் குறிக்கப்பெறும் தொலைவான அண்டம் ஒன்றை நோக்கிக் கருவியைத் திருப்பினார். நகர விளக்குகளின் ஒளி வானத்தில் பரவியிருந்தமையால், ஒவ்வொரு படத்துக்கும் 20 நொடிகளே ஒளியை ஏற்கவிட்டுப் பல படங்களைத் தொடர்ந்து எடுத்தார். முதலில் எடுத்த படங்களில் காணப்படாத ஒரு புள்ளி, பின்னர் எடுத்தவற்றில் தோன்றி, வரவர ஒளி மிகுந்து நின்றது.

அப்புள்ளி யாது? எட்டுக் கோடி ஒளியாண்டு அளவுக்கு அப்பால் பெரிய விண்மீன் ஒன்று வெடித்தபொழுது, அதன் மேற்பரப்பைப் பிளந்துகொண்டு வெளிப்பட்ட முதல் ஒளியே அது. அத்தகைய காட்சியைப் பிடிப்பதற்கு வானநூல் வல்லார் நெடுங்காலம் காத்திருந்தனர். அது வீட்டு மாடியில் கருவியைச் சோதித்த ஒருவருக்குக் கிட்டியது. அவர் எடுத்த படங்களைக்கொண்டு ஆராய்ந்த அறிஞர்களின் கட்டுரை 2018-ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் இதழில் வெளிவந்தது. அதனை எழுதியவர்களுள் பூசோவும் ஒருவர். அன்றிரவு அவர் கருவி மங்கிய ஒளியைப் பற்றும் ஆற்றல் அற்றதாய் இருந்திருப்பின், அவ்வொளி எவரும் அறியாமலே கழிந்திருக்கும். ஆதலின் தொலைநோக்கிக்கு எத்தகைய ஒளிப்படக் கருவி தக்கது என்பது ஆராய்தற்குரிய பொருளேயாகும்.

விண்ணைப் படம்பிடிக்கும் முயற்சி புதியதன்று. ஜான் வில்லியம் டிரேப்பர் என்பவர் 1840-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் திங்களைப் படம்பிடித்தார். 1850-இல் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தில், வடநூலார் அபிசித்து என வழங்கும் வேகா விண்மீனின் உருவம் வெள்ளித் தகட்டில் பதிந்தது. டிரேப்பரின் மகனார் ஹென்றி டிரேப்பர் 1880-இல் ஓரியன் ஒண்முகிலைப் படம்பிடித்தார். தகடும் சுருளும் தம்மீது விழும் ஒளியில் மிகச் சிறு பங்கையே பயன்படுத்திக்கொண்டன. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் சுமித்தும் ஒளியை மின்னாக்கித் தேக்கும் சில்லுக்கு வழி கண்டனர். அதற்காக அவர்கள் 2009-இல் நோபல் பரிசு பெற்றனர். இக்காலத்து டிஜிட்டல் காமிராக்களில் உள்ள ஒளியுணர் சில்லுகள், தம்மீது விழும் ஒளியில் பாதிக்கு மேற்பட்டதை வீணாக்காமல் ஏற்கின்றன. முற்காலத்துப் பெரிய வானாய்வுக் கூடங்கள் செய்த வேலையை இன்று ஒரு வீட்டுத் தொலைநோக்கி செய்வது இதனாலேயாம்.

ஒளியுணர் சில்லு என்பது ஒரு வயலைப் போன்றது. அதில் பாத்திகள் பல உள. ஒவ்வொரு பாத்தியும் ஒரு படப்புள்ளி. கடைக்காரர் முதலிற் கூறுவது அப்புள்ளிகளின் தொகையையே. இரண்டு கோடி, நான்கு கோடி என்று அவர் அடுக்குங்கால், தொகை மிகுந்த கருவியே சிறந்தது என்று வாங்குவோர் மயங்குவர். விண்ணைப் பொறுத்தவரை அத்தொகை இறுதியாகக் கேட்க வேண்டிய செய்தி. முதலிற் கேட்க வேண்டியது, எதனைப் படம்பிடிக்கப் போகிறோம் என்பது.

150 மில்லிமீட்டர் விட்டமும் 750 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் உடைய ஆடித் தொலைநோக்கி ஒன்றை எடுத்துக்கொள்க.  அதன் குவியத்தில் திங்களின் உருவம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அகலம் உடையதாய் விழும். வியாழனோ, நிலவுலகுக்கு அண்மையில் வரும் காலத்தும், 0.16 மில்லிமீட்டர் அகலமே பெறும். மணல் துகளினும் பெரிதாகாத அவ்வுருவத்தை, 6000 புள்ளி அகலமுள்ள நல்லதொரு காமிராவில் பிடித்தால், வியாழனுக்கு வாய்ப்பவை 42 புள்ளிகளே. எஞ்சிய 5958 புள்ளிகளும் கருமையைப் படம்பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கும் சேர்த்தே விலை கொடுக்கப்பட்டது என்பதை நினைக்க வேண்டும்.

கோள்களைப் பிடிக்க வேண்டுவது சிறு சில்லும் மிகுந்த விரைவுமே. காற்று மண்டலம் ஒருபோதும் அசையாதிருப்பதில்லை. ஓடும் நீரின் அடியிற் கிடக்கும் காசு நெளிந்து தோன்றுவது போலக் கோளும் நெளிந்து தோன்றும். இடையிடையே கண்ணிமைக்கும் நேரம் தெளிவாகத் தெரியும். நொடிக்கு நூறு படம் வீதம் இரண்டு மூன்று நிமிடம் எடுத்து, ஆயிரக்கணக்கான அப்படங்களுள் தெளிந்தவற்றை மட்டும் கணினியால் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வியாழனின் பட்டைகள் புலனாகும். அதற்கு மேலும் நீட்டுதல் கூடாது; பத்து மணி நேரத்துக்குள் தன்னைத் தானே சுற்றிவிடும் வியாழன் அதற்குள் நகர்ந்து, படம் குழம்பிவிடும். 2.9 மைக்ரான் அளவுள்ள புள்ளிகளையுடைய சிறு காமிராவும், உருவத்தை மும்மடங்கு பெருக்கும் பார்லோ வில்லையும் இருப்பின், மேற்கூறிய தொலைநோக்கியில் வியாழன் 170 புள்ளி அகலம் பெறும். இவ்வகைக் காமிரா உள்ளங்கையில் அடங்கும். விலையும் பெரிய காமிராவினும் குறைவு. ஆனால் மடிக்கணினியோடு இணைத்தாலன்றி இயங்காது.

பிலிப்பைன்சு நாட்டிலுள்ள செபு நகரில் வாழும் கிறித்தோபர் கோ என்பவர் 11 அங்குலத் தொலைநோக்கி கொண்டு வியாழனைத் தொடர்ந்து படம்பிடித்து வந்தார். வியாழனில் வெண்ணிறமாய் இருந்த ஒரு சுழல் செந்நிறம் அடைந்தமையை 2006-ஆம் ஆண்டு பெப்ரவரியில் முதலிற் கண்டு உலகுக்கு அறிவித்தவர் அவரே. செபு நகரம் மதுரைக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட அகலக்கோட்டில் உள்ளது. அவ்வகலக்கோட்டில் கோள்கள் வானில் உயர ஏறி வருதலால், அவற்றின் ஒளி கடந்துவர வேண்டிய காற்றின் அளவு குறைவு. இவ்வகையில் தமிழ்நாட்டு மாணவர் இலண்டன் மாணவரினும் நற்பேறுடையர்.

இனி, ஒண்முகில்களையும் அண்டங்களையும் பிடிக்க விழைவோர்க்கு வேண்டுவது இதற்கு நேர் மாறானது. திருவாதிரை மீனுக்குத் தெற்கே வரிசையாக நிற்கும் மூன்று மீன்களின் கீழ்ப்புறம் மங்கலாகத் தெரியும் ஓரியன் ஒண்முகில், திங்களைப் போல் இருமடங்கு அகலம் உடையது. ஆந்திரமேதா அண்டமோ ஆறு மடங்கு அகன்றது. மேற்கூறிய தொலைநோக்கியில் அதன் உருவம் 39 மில்லிமீட்டர் அளவில் விழுமாதலின், 23 மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லில் முழுதும் அடங்காது. இங்கே பெரிய சில்லு பயன் தரும். விரைவு வேண்டுவதில்லை, பல நிமிடம் பொறுத்து ஒளியைத் திரட்டும் ஆற்றலே வேண்டும்.

புள்ளியின் அளவு தொலைநோக்கிக்குப் பொருந்துமா என்று அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. மைக்ரானில் உள்ள புள்ளி அளவை 206-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள குவியத் தொலைவால் வகுத்தால், ஒரு புள்ளி வானில் எத்தனை விகலை அளக்கிறது என்பது கிடைக்கும். ஒரு பாகையை 3600 கூறிட்டால் ஒரு கூறு விகலையாம். 3.9 மைக்ரான் புள்ளியும் 750 மில்லிமீட்டர் தொலைவும் சேர்ந்தால் விடை ஒன்றுக்குச் சற்று மேல். சமவெளிகளில் காற்றின் கலக்கத்தால் விண்மீன் இரண்டு மூன்று விகலை அளவுக்குப் பரந்து தோன்றுமாதலின், இது தக்க அளவே. அதே காமிராவை 2000 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் பொருத்தினால் விடை 0.4, காற்றுக் கலக்கிய ஒளியைத் தேவையின்றிப் பல பாத்திகளுக்குப் பங்கிட்டதாகும்.

நிறத்திலும் ஒரு சிக்கல் உளது. ஒண்முகில்களில் ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஆழ்ந்த செந்நிற ஒளியை வீசுகிறது. மனிதர் முகத்தையும் மலரையும் இயற்கை நிறத்திற் காட்டுவதற்காகச் செய்யப்பட்ட பொதுக் காமிராக்களில், சில்லின் முன்னுள்ள வடிகட்டி அச்செந்நிறத்தின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கேனான் நிறுவனம் 2005-இலும் நிக்கான் நிறுவனம் 2015-இலும் இக்குறை நீக்கிய சிறப்புக் காமிராக்களை வெளியிட்டன. அவை இப்பொழுது புதியனவாய்க் கிடைப்பதில்லை. வானத்துக்கென்றே செய்யப்படும் காமிராக்களில் இத்தடை இல்லை.

வெப்பத்தைப் பற்றிய செய்தி தமிழ்நாட்டார்க்கு மிகவும் வேண்டுவது. குளிர்நாட்டார் எழுதிய நூல்கள், பொதுக் காமிராவே போதும் என்று கூறும். அவர்கள் நாட்டு இரவு நீர் உறையும் குளிர்ச்சியுடையது. ஒளியே படாத இருளிலும் சில்லின் வெப்பம் காரணமாகச் சிறு மின்னோட்டம் எழுந்து படத்தில் மாசு படிகிறது. ஏறத்தாழ ஒவ்வோர் ஆறு பாகை வெப்பத்துக்கும் அது இருமடங்காகும். சென்னையில் மே மாத இரவில் 28 பாகையில் இயங்கும் சில்லை, மின்முறையால் 30 பாகை குளிரச் செய்தால், அம்மாசு முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறையும். குளிர்விக்கும் அமைப்புடைய காமிரா விலை மிகுந்தது. எனினும் ஒண்முகில்களிலேயே ஈடுபாடுடையவர்க்கு இந்நாட்டில் அது ஆடம்பரமன்று. அதனை வாங்க இயலாதோர் மார்கழி, தை மாதத்து இரவுகளைத் தேர்ந்துகொள்ளலாம்.

வாங்கியபின் பலரைத் திகைக்கவைக்கும் இடையூறு ஒன்று உளது. சிறிய ஆடித் தொலைநோக்கிகள் பல, கண்ணால் காண்பதற்கென்றே அமைந்தவை. அவற்றில் உருவம் விழும் இடம் குழாய்க்கு வெளியே சிறிது தொலைவே வரும். கண்ணாடி நிமிர்ந்து தாழும் வகைக் காமிராக்களிலோ, சில்லு முன்வாயிலிருந்து 44 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே புதைந்திருக்கும். உருவம் சில்லை எட்டாது. திருகாணியை எவ்வளவு உள்ளே திருகினும் விண்மீன் வட்டமான புகைப்படலமாகவே நிற்கும். சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக்கொண்டு காமிரா வாங்கி வந்த மாணவன், அன்றிரவு இதனைக் கண்டால் அவன் மனம் என்ன பாடுபடும்! வானத்துக்கென்று செய்த காமிராக்கள் பலவற்றில் இவ்வாழம் 17.5 மில்லிமீட்டரே ஆதலின் இடர் பெரும்பாலும் நேராது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர். பணத்தைப் போடுமுன் இரண்டு கருவிகளையும் பொருத்திப் பார்த்தலே தக்கது.

காமிராவுக்கு முன்னே தாங்கியை நினைத்தல் வேண்டும். நிலவுலகின் சுழற்சியால் வான நடுக்கோட்டை ஒட்டிய விண்மீன்கள் நொடிக்கு 15 விகலை நகர்கின்றன. மேற்கண்ட கணக்கின்படி அது நொடிக்கு 14 புள்ளி. திங்கள் ஒளி மிக்கதாதலால் ஒரு நொடியின் நூற்றிருபத்தைந்தில் ஒரு கூறு போதும். அதற்குள் நகர்வு தெரியாது. ஒண்முகிலுக்கோ, துருவத்தை நோக்கிய அச்சுடையதும் மின்பொறியால் சுழல்வதுமான தாங்கி இன்றியமையாதது. துருவமீன் சென்னையில் 13 பாகையும் கன்னியாகுமரியில் 8 பாகையுமே உயர்ந்து தோன்றுதலால், தென்னையும் மாடிவீடும் அதனை எளிதில் மறைத்துவிடும். அது தெரியும் இடத்தைப் பகலிலேயே தேர்ந்து வைத்தல் நன்று. தாங்கி இல்லாதோர் பெரிய காமிராவுக்குச் செலவிடாமல், கைப்பேசியைக் கண்ணருகு வில்லையில் பிடியால் பொருத்தித் திங்களின் பள்ளங்களைப் படம்பிடிக்கலாம். அப்படங்கள் டிரேப்பர் எடுத்ததனினும் பன்மடங்கு தெளிவுடையனவாய் இருக்கும்.

ஞாயிற்றைப் படம்பிடிக்க விரும்புவோர், அதற்கென்று செய்த வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்வாயில் உறுதியாகப் பொருத்தியன்றிக் கருவியை அத்திசையில் திருப்பவே கூடாது. சில்லு எரிந்துபோனால் வேறொன்று வாங்கலாம். காமிராவின் காண்குழல் வழியே நோக்கிய கண் போனால் மீளாது.

பிறர் பயன்படுத்திய காமிராவை வாங்குவோரும் உளர், அதில் இழிவில்லை. அவர்கள் செய்ய வேண்டிய சோதனை எளியது. முன்வாயை மூடியால் அடைத்து, காமிராவைக் கறுப்புத் துணியால் சுற்றி, ஐந்து நிமிடம் ஒளி ஏற்கும்படி விட்டு ஒரு படம் எடுத்தல் வேண்டும். அப்படத்தைத் திரையிற் பெரிதாக்கி நோக்கினால், இருளினிடையே செம்மையும் பசுமையும் நீலமுமாய்ச் சில புள்ளிகள் தெரியும். சில இருப்பது இயல்பே. கணினி அவற்றை நீக்கிவிடும். படமெங்கும் அவை விண்மீன்களைப் போல் நிறைந்திருப்பின், அக்காமிராவை விற்போரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.