உறங்கும் வைரஸை எழுப்பும் ஆராய்ச்சி

காஜாங், மே: நம் மலேசிய நாட்டில், விசேஷமாகச் சீனரிடையிலும் சரவாக்கின் பிடாயூ மக்களிடையிலும், மிகுதியாகக் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்கும், பெரியவர்களுள் ஏறக்குறைய அனைவர் உடலிலும் அடங்கிக் கிடக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1995-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆர். பத்மநாதனும் யு. பிரசாத்தும் அமெரிக்க விஞ்ஞானிகளுடன் கூடி, புற்றாகப் பரவுமுன்பே பிறழ்ந்த திசுக்களைச் சோதித்தபோது, அவற்றின் உயிரணுக்கள் வைரஸ் குடிகொண்ட ஒரே ஆதி அணுவின் சந்ததி என்பது புலனாயிற்று.

வைரஸின் மரபணு ஒரு வளையமாகி அணுவின் கருவுக்குள் தங்கி, மிகச் சில புரதங்களையே ஆக்கி, அணு பிரியும்போதெல்லாம் தானும் உடன்பெருகி, உடலின் எதிர்ப்பு சக்திக்குத் தப்பி வாழும் நிலையையே உறக்கம் என்கிறோம். 1964-இல் லண்டனில் எப்ஸ்டீன், பார், அசோங் ஆகிய மூவர் இவ்வைரஸைக் கண்டதும், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் கட்டியிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த அணுக்களிலேதான். பின்னர் 1978-இல் ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் குழுவினர், சித்த வைத்தியர் சுத்தி செய்து பேதிக்கு வழங்கும் நேர்வாளத்தின் எண்ணெயில் உள்ள ஒரு பொருளை இத்தகைய அணுக்களில் சேர்த்து, உறங்கிய வைரஸ் எழுந்து பெருகுவதை நிரூபித்தனர்.

இவ்விழிப்பில் அபாயமும் உண்டு. புற்றுநோயை எதிர்க்க நோயாளிக்குச் செலுத்தும் பொருட்டு மாற்றியமைத்து வளர்க்கப்படும் 'கார்-டி' அணுக்களுள் அபூர்வமாகச் சிலவற்றில், குழந்தைப் பருவத்திலேயே நம்மை வந்தடைந்து இதேபோல் உறங்கும் ஆறாம் வகை ஹெர்பிஸ் வைரஸ் விழித்தெழுவதை 2023-இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். ஆகவே அவ்வணுக்களைச் செலுத்துமுன் வைரஸ் பரிசோதனை செய்வது விவேகம்.

எனினும், அபாயமான அதே விழிப்பை ஆயுதமாக்கவும் கூடும். விழித்த வைரஸ் ஆக்கும் நொதி, 'கான்சிக்ளோவிர்' மருந்தை அணுவினுள்ளேயே வீரியமுள்ளதாக மாற்றுவதால், வைரஸ் உறையும் புற்றணு அழிகிறது. நெதர்லாந்து மருத்துவர்கள் வலிப்பு நோய்க்குரிய வால்புரோயிக் அமிலத்தையும் ஒரு புற்றுநோய் மருந்தையும் முதலில் அளித்து வைரஸை எழுப்பி, மூக்குத்தொண்டைப் புற்றுநோய் முற்றிய சிலரிடம் இம்முறையைச் சோதித்து, 2012-இல் அறிவித்தனர். இது இன்னும் பரீட்சார்த்த நிலையிலேயே உள்ளது.

அச்சிகிச்சை பூரணமாகும் வரை, கழுத்தில் வலியற்ற கட்டியோ, சளியில் இரத்தமோ, ஒரு காதில் நீங்காத அடைப்போ தோன்றினால் தாமதியாமல் மருத்துவரை நாடுவதே உயிர் காக்கும் வழி. காஜாங் சுங்கை லோங்கில் மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகள், பத்மநாதன் முதலியோர் இந்நாட்டிலிருந்தே பங்களித்த இவ்வாராய்ச்சியைத் தமதெனக் கொண்டு முன்னெடுப்பாராக.