நின்ற இதயத்தை இயக்கும் ஊசி மூளையைக் காப்பாற்றுமா? 8,014 பேரிடம் நடந்த ஆய்வு சொல்வது என்ன?

திடீரென இதயம் நின்றுபோனவருக்கு ஆம்புலன்ஸ் குழு போடும் முக்கியமான ஊசி, அட்ரினலின். அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் முழுவதும் இதுதான் நடைமுறை. 'ஊசி போட்டாச்சு, துடிப்பு வந்துடுச்சு' என்றால் எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால், துடிப்பு திரும்பியவர் பிழைத்து, பழையபடி பேசி, நடந்து வீடு திரும்புகிறாரா? இந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் பதில் தேடியது, பிரிட்டனில் நடந்த 'பாராமெடிக்-2' ஆய்வு.

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றா?

இல்லை. மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபடுகிறது. பெரும்பாலும் அவர் நினைவோடு இருப்பார், வலியைச் சொல்வார். இதய நிறுத்தத்தில் இதயம் ரத்தத்தை அனுப்புவதே நின்றுவிடும். சில நொடிகளில் நினைவு போய்விடும். மாரடைப்பு, இதய நிறுத்தத்தில் போய் முடியவும் வாய்ப்பு உண்டு.

அட்ரினலின் என்ன செய்கிறது?

உடலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத் தசைக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டுகிறது. அதனால் இதயம் மறுபடி துடிக்கும் வாய்ப்பு அதிகமாகிறது. ஆனால், இதே மருந்து மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓட்டத்தைக் குறைக்கக்கூடும் என்ற சந்தேகம் மருத்துவர்களிடம் நீண்ட காலமாகவே இருந்தது.

ஆய்வு எப்படி நடந்தது?

வார்விக் பல்கலைக்கழகக் குழுவின் தலைமையில், 2014 முதல் 2017 வரை, பிரிட்டனின் 5 ஆம்புலன்ஸ் சேவைகள் இதில் பங்கேற்றன. சிபிஆர், மின் அதிர்ச்சி போன்ற முதல் முயற்சிகள் பலன் தராத 8,014 பேர் சேர்க்கப்பட்டனர். 4,015 பேருக்கு அட்ரினலின். மற்ற 3,999 பேருக்கு வெறும் உப்புநீர். சிரிஞ்சுகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எதில் மருந்து இருக்கிறது என்பது ஊசி போடுபவருக்கே தெரியாது.

நினைவில்லாதவரிடம் சம்மதம் வாங்குவது எப்படி?

முடியாது. அதனால்தான் இந்த ஆய்வு தொடங்கும்போதே சர்ச்சையானது. 'உயிர் போகிற நேரத்தில் உப்புநீரா?' என்ற கேள்வி எழுந்தது. மருந்து நல்லது செய்கிறதா, கெடுதல் செய்கிறதா என்பதே தெரியாத நிலை என்பதால், நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது. பிழைத்தவர்களிடம் பிறகு விவரம் சொல்லிச் சம்மதம் கேட்கப்பட்டது. ஆய்வில் சேர விரும்பாதவர்கள், அதைக் குறிப்பிடும் வளையத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி அணிந்துகொள்ள வழி இருந்தது.

முடிவு என்ன?

2018 ஜூலையில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவுகள் வெளியாயின.

• துடிப்பு திரும்பியவர்கள்: அட்ரினலின் குழுவில் 36.3%, உப்புநீர் குழுவில் 11.7%.

• 30 நாட்களுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள்: 3.2%, 2.4%.

• பெரிய நரம்பியல் பாதிப்பு இல்லாமல் மருத்துவமனையில் இருந்து வெளியேறியவர்கள்: 2.2%, 1.9%. இது உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு.

• பிழைத்தவர்களில் கடுமையான மூளைப் பாதிப்பு இருந்தவர்கள்: 31%, 17.8%.

அதாவது, துடிப்பு திரும்புவதில் மூன்று மடங்கு முன்னேற்றம். ஆனால், கூடுதலாகப் பிழைத்தவர்களில் பலர் அன்றாட வேலைக்கே பிறரை நம்பி வாழும் நிலையில் இருந்தார்கள். வெறுமனே பிழைப்பதைவிட, மூளை நல்ல நிலையில் இருக்கப் பிழைப்பதே முக்கியம் என்றுதான் ஆய்வுக்கு முன்பு கருத்துக் கேட்கப்பட்ட நோயாளிகளும் பொதுமக்களும் சொல்லியிருந்தார்கள்.

அப்படியென்றால் ஊசியே வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. சிறிய அளவில் என்றாலும், அட்ரினலின் உயிர் பிழைப்பதைக் கூட்டுகிறது. சர்வதேச வழிகாட்டுதல்கள் இன்றும் 3 முதல் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் கொடுக்கப் பரிந்துரைக்கின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஆய்வில் பாதிப் பேருக்கு, அவசர அழைப்பில் இருந்து ஊசி போடவே 21 நிமிடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ரத்தம் போகாவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கிவிடும்.

எது அதிகம் காப்பாற்றுகிறது?

ஆய்வுக் குழு ஒரு கணக்கை ஒப்பிட்டுக் காட்டியது. கூடுதலாக ஓர் உயிரைக் காப்பாற்ற, 112 பேருக்கு அட்ரினலின் கொடுக்க வேண்டும். அருகில் இருப்பவர் செய்யும் சிபிஆர் என்றால் 15 பேருக்குச் செய்தால் போதும். மின் அதிர்ச்சிக் கருவி என்றால் வெறும் 5 பேர்.

நீங்கள் என்ன செய்யலாம்?

விழுந்தவரைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சீராக இல்லை என்றால், உடனே 108-ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள். நெஞ்சின் நடுவில் ஒரு கை மேல் இன்னொரு கையை வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாக அழுத்துங்கள். பக்கத்தில் ஏஇடி கருவி இருந்தால் ஒருவரை எடுத்து வரச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். கை வலித்தால் இன்னொருவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.