அதிகாலையும் நள்ளிரவும் ஒரே கூரையின் கீழ்

புதுவைக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வாகனங்களுக்கு இடமில்லை. வைகறைப் பொழுதில் அங்கே ஒருமுறை நின்று பாருங்கள். இரவெல்லாம் நன்றாக உறங்கி எழுந்தவர்கள் கைவீசி உலவுகிறார்கள். அதே நேரத்தில் வைத்திக்குப்பத்திலும் வம்பாக்கீரப்பாளையத்திலும் இரவோடு இரவாகக் கடலுக்குச் சென்றவர்கள் கரை சேருகிறார்கள். மருத்துவமனையில் இரவுப் பணி முடித்த செவிலியர் கண் எரிச்சலோடு பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர். முன்னவர்க்கு அது நாளின் தொடக்கம். பின்னவர்க்கு நாளின் முடிவு. இவர்களுள் சுறுசுறுப்புள்ளவர் யார், சோம்பேறி யார் என்று எவர் தீர்ப்பிட முடியும்?

அதிகாலையில் எழுவதைப் புகழாத பெரியோர் இல்லை. ஔவையாரின் ஆத்திசூடி அதனைப் பிள்ளைகளுக்கு ஓர் அறமாகவே கற்பிக்கின்றது. திருச்சபையும் விடியற்கால வேளையைப் புகழ்ச்சி செபத்தால் அர்ச்சிக்கின்றது. குருமடத்தில் ஐந்து மணிக்கு அடித்த மணி இன்றும் நம் செவியில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அப்பழக்கத்தின் துணிவினால், சில ஞாயிறுகளுக்கு முன், பொழுது விடிந்த பின்னும் படுக்கையில் கிடப்பவர் சோம்பல் என்னும் தலையான பாவத்திற்கு இடங்கொடுக்கிறார் என்று பிரசங்கத்தில் சற்றுக் கடுமையாகவே கூறினோம். கூறியது முற்றிலும் நியாயமா என்று அவ்வாரமே ஓர் இல்லம் நம்மைச் சிந்திக்கச் செய்தது.

வீடு மந்திரிக்கச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பெரியவர் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். ஆலைத் தொழிலாளியாயிருந்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு முதல் ஆளாக வருபவர். பேரனோ பிளஸ் டூ மாணவன். இரவு ஒரு மணி வரை படித்து, காலை ஏழரைக்கு எழுபவன். நம்மைக் கண்டதும் பெரியவர், “சாமி, ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னதை இவனுக்கு இன்னொரு தரம் சொல்லிட்டுப் போங்க” என்றார். பையன் தலைகுனிந்து உள்ளே சென்றுவிட்டான். தாத்தாவும் பேரனும் ஒரு மாதமாக ஒன்றாய் அமர்ந்து உண்பதில்லை என்று பிறகு அறிந்தோம். எரிகிற நெருப்பில் நம் பிரசங்கம் எண்ணெய் வார்த்திருந்தது.

அதுவரை அடுப்படியில் இருந்த மூதாட்டி வெளியே வந்தார். “நீங்க மூணாவது ஷிப்டு பார்த்த காலத்துல, பகல்ல தூங்கணுமேன்னு ஜன்னலுக்குப் புடவையைக் கட்டி வச்சேன். பிள்ளைங்க சத்தம் போட்டா தெருவுக்கு அனுப்பினேன். பத்து மணி வெயில்ல தூங்குறாரேன்னு உங்களை யாராவது சோம்பேறின்னு சொன்னாங்களா?” என்று கேட்டார். பெரியவர் மறுமொழி சொல்லவில்லை. நம்மிடமும் மறுமொழி இல்லை.

அம்மூதாட்டியின் சொல்லில் இந்நகரின் வரலாறே அடங்கியிருந்தது. 1898-இல் தோன்றி 2020-இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலையும், பிற பஞ்சாலைகளும் புதுவையின் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. மில் சங்கே அக்குடும்பங்களுக்குக் கடிகாரம். 1936 ஜூலை 30-ஆம் நாள், சவானா ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சியினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் உயிர் நீத்தனர். மறு ஆண்டிலே எட்டு மணி நேர வேலை இங்குச் சட்டமாயிற்று. உழைக்கும் மனிதனுக்கு ஓய்வும் உரிமையே என்பது நம் ஊர் இரத்தம் சிந்திக் கற்ற பாடம் அன்றோ? அவ்வாறாயின், ஒருவன் உறங்கும் நேரத்தை மட்டும் கண்டு அவன் உழைப்பை அளப்பது எவ்வாறு தகும்?

திருச்சபைத் தாயும் இதை உணர்ந்தவளே. முற்காலத்தில் நள்ளிரவு முதல் ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாதவரே நற்கருணை உட்கொள்ளலாம். இரவெல்லாம் எந்திரத்தின் முன் நின்றவன் தாகத்தைத் தணித்தால் தேவ நன்மையை இழக்க நேரிடும். 1953-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், ஆலைகளிலும் போக்குவரத்திலும் துறைமுகங்களிலும் இரவு பகலாக முறைமாற்றி உழைப்போரை வெளிப்படையாகக் குறிப்பிட்டு அவ்விதியைத் தளர்த்தினார். தண்ணீர் நோன்பை முறிக்காது என்றார். மாலைத் திருப்பலிக்கும் வழி திறந்தார். 1957-இல் அந்நோன்பு மூன்று மணி நேரமாயிற்று. 1964-இல் ஆறாம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாக்கினார். இன்று நாம் பங்கேற்கும் மாலைப் பூசையின் பின்னே இரவுத் தொழிலாளியின் களைத்த முகம் இருக்கிறது.

நற்செய்தியைத் திறந்து பாருங்கள். ஆண்டவர் இருள் நீங்குமுன் எழுந்து தனித்த இடத்தில் செபித்தார். பன்னிருவரைத் தெரிந்துகொள்ளுமுன் மலைமீது இரவு முழுவதும் விழித்திருந்தும் செபித்தார். உயிர்ப்பின் செய்தி, இருட்டோடு கல்லறைக்கு எழுந்து வந்த மகதலா மரியாளுக்குக் கிட்டியது. பிறப்பின் செய்தியோ, இரவில் கிடை காத்த இடையருக்கே முதன்முதல் அறிவிக்கப்பட்டது. வைகறைக்கு ஒரு செய்தி, நள்ளிரவுக்கு ஒரு செய்தி.

அப்படியானால் சோம்பல் என்பது யாது? நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ், சோம்பலை நண்பகற்பேய் என்று கண்டார். வைகறையில் எழுந்து செபித்த துறவியையே அது நடுப்பகலில் வந்து பிடிக்கும். கடமையில் சலிப்பையும் இறைவன் காரியத்தில் வெறுப்பையும் ஊட்டும். ஆக, சோம்பல் உள்ளத்தின் நோய். கடிகாரத்தைக் கொண்டு கண்டுபிடிப்பதன்று. தம் மடத்தாரை இருளிலேயே எழுப்பிய புனித ஆசீர்வாதப்பரும், பிந்தி வருபவரும் வந்து சேரட்டும் என்று இரவுச் செபத்தின் தொடக்கச் சங்கீதத்தை மெதுவாகச் சொல்லப் பணித்தார். கண்டிப்பும் கனிவும் கைகோத்துச் சென்ற ஞானம் அது.

இன்றைய அறிவியலும் இதற்குச் சான்று பகர்கிறது. நம் உடலுக்குள் இயங்கும் உயிர்க் கடிகாரத்தின் இரகசியத்தைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவர் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கடிகாரம் எல்லார்க்கும் ஒன்றுபோல் ஓடுவதில்லை. வளரிளம் பருவத்தில் அது பிந்துகிறது, முதுமையில் முந்துகிறது. ஆதலின் பேரனுக்கு இரவில் விரைவில் உறக்கம் வராததும், தாத்தாவுக்கு நான்கு மணிக்கு மேல் உறக்கம் தங்காததும் பெரும்பாலும் இயற்கையின் செயலே.

எனினும், இளைஞர்களே, இதைக் கேடயமாக்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்கின்றனர் மருத்துவர். ஒரு மணிக்குப் படுத்து ஏழரைக்கு எழும் அப்பையன் உறங்குவது ஆறரை மணி நேரமே. தாத்தா நினைத்ததுபோல் அது மிகுதியன்று, குறைவு! கைப்பேசியின் ஒளியோ, வரவேண்டிய உறக்கத்தையும் தள்ளிப் போடுகிறது. பாடநூலுக்காக விழிப்பது வேறு, கைப்பேசிக்காக விழிப்பது வேறு என்பதை உங்கள் மனச்சாட்சி அறியும்.

அன்று நாம் புதிதாக உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. “இந்த வீட்டில் எல்லாரும் விழித்திருக்கும் நேரம் எது?” என்று மட்டும் கேட்டோம். சற்று எண்ணிப் பார்த்து, “ராத்திரி எட்டு மணி” என்றான் பையன். அந்நேரத்தில் செபமாலை, பிறகு ஒன்றாய் அமர்ந்து உணவு என்று முடிவாயிற்று. பதினொன்றரைக்குப் புத்தகத்தை மூடுவதாக அவன் ஒப்புக்கொண்டான். எல்லா நாளும் அது நடப்பதில்லை என்று அறிகிறோம். ஆயினும் பெரியவர் இப்போது விடியற்காலையில் கதவை ஓசையின்றிச் சாத்திவிட்டுப் பூசைக்கு வருகிறாராம். அடுத்த ஞாயிறன்று நாமும் பீடத்தில் நின்று நம் பிரசங்கத்தைத் திருத்திக்கொண்டோம்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் இவ்விரு வகையினரும் இருக்கக்கூடும். விடியலில் எழுபவர் உறங்குபவருக்காக அடிச்சத்தம் குறைக்கட்டும். இரவில் விழிப்பவர் உறங்குபவருக்காக விளக்கைத் தணிக்கட்டும். பகலில் உறங்கும் இரவுப் பணியாளரின் வாசலில் அழைப்பு மணியை அழுத்துமுன் ஒருகணம் எண்ணுங்கள். எந்நேரத்தில் எழுந்தாலும் முதல் நினைவு இறைவனுக்கு. எந்நேரத்தில் படுத்தாலும் கடைசி நன்றியும் அவருக்கே. நாளில் ஒரு வேளையேனும் குடும்பம் முழுவதும் ஒரே விளக்கின் கீழ்க் கூடட்டும்.