இதயத் துணைக்கருவியும் குருதி உறைவும்: மூன்று ஆய்வுகள் காட்டும் திசைமாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

இதயச் செயலிழப்பின் இறுதிநிலையில் உள்ளோர்க்குப் பொருத்தப்படும் இடது கீழறைத் துணைக்கருவி அவர்தம் வாழ்நாளை நீட்டிக்கிறது. அதேவேளையில் தன்னூடே செல்லும் குருதியின் இயல்பையும் அது மாற்றிவிடுகிறது. கருவிக்குள் குருதி உறைவதும், உடலின் வேறிடங்களில் குருதி கசிவதும் இம்மாற்றத்தின் விளைவுகளாகும். 2014, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று மருத்துவ ஆய்வுகளை ஒப்பிட்டு, இச்சிக்கலுக்கான தீர்வு மருந்தைக் கூட்டுவதிலிருந்து கருவியைத் திருத்துவதற்கும், பின்னர் மருந்தைக் குறைப்பதற்கும் நகர்ந்துள்ளதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இதயச் செயலிழப்பு, துணைக்கருவி, குருதி உறைவு, வார்ஃபரின், ஆஸ்பிரின், குருதி இசைவு.

முன்னுரை

இதயத்தின் இடது கீழறை உடல் முழுமைக்கும் குருதியைச் செலுத்துவது. அது தளர்ந்து, மருந்துகளும் பயனளிக்காத நிலையில் மாற்று இதயம் பொருத்துவதே சிறந்த வழியாகக் கருதப்படுகிறது. ஆயினும், கொடையாகக் கிடைக்கும் இதயங்கள் தேவைக்கு மிகக் குறைவு. வயது, பிற நோய்கள் ஆகியவற்றால் மாற்று அறுவைக்குத் தகுதி பெறாதோரும் பலர். இவ்விடைவெளியை நிரப்பவே துணைக்கருவிகள் உருவாயின. இக்கருவி இதயத்தை அகற்றுவதில்லை. கீழறையிலிருந்து குருதியை வாங்கிப் பெருந்தமனிக்குள் செலுத்தி, இதயத்தின் சுமையைப் பகிர்ந்துகொள்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் ‘உறைதல்’ என்பது பாலுக்கும் நெய்க்கும் பனிக்கும் பொதுவாக வழங்கும் சொல். குருதி உறைதல் என்பதும் அவ்வழியே எளிதில் விளங்கும். ஆனால், மக்கள் வழக்கில் ‘இரத்தக்கட்டு’ என்பது அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் தோன்றும் கன்றலையே பெரிதும் குறிக்கிறது. நாளத்திற்குள்ளோ கருவிக்குள்ளோ திரண்டு ஓட்டத்தை அடைக்கும் திரட்சி அதனின் வேறானது. ஆதலின் இக்கட்டுரையில் அது ‘உறைகட்டி’ எனப்படுகிறது. கருவியின் பரப்போடும் ஓட்டத்தோடும் குருதி சிதையாமல் பொருந்தி நிற்கும் தன்மை ‘குருதி இசைவு’ எனப்படுகிறது.

உறைவு தோன்றும் முறை

குருதி நாளங்களில் உறைகட்டி தோன்றுவதற்கான காரணங்கள் இன்றும் ருடால்ஃப் ஃபிர்ஹோ என்னும் செருமானிய நோயியல் அறிஞரின் பெயரால் மூன்றாகத் தொகுக்கப்படுகின்றன. அவை ஓட்டத் தேக்கம், நாளச் சுவரின் ஊறு, குருதியின் உறையும் இயல்பு மிகுதல் என்பன. துணைக்கருவியில் இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கின்றன. கருவியின் மடிப்புகளிலும் தாங்கிகளின் அருகிலும் ஓட்டம் தேங்குகிறது. நாளத்தின் உட்புற உயிரணுக்களுக்கு மாறாக உலோகப் பரப்பைக் குருதி தொடுகிறது. விரைந்து சுழலும் உறுப்பின் அருகே குருதி அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து இழுபடுவதால் தட்டணுக்கள் தூண்டப்படுகின்றன. இயற்பியல் நூல்கள் இவ்விழுவிசையைச் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு எனக் குறிப்பிடும்.

இதனைத் தடுக்க இருவகை மருந்துகள் வழங்கப்பட்டன. வைட்டமின் கே-யைச் சார்ந்து உருவாகும் உறைவுக் காரணிகளை வார்ஃபரின் குறைக்கிறது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை ஆஸ்பிரின் தடுக்கிறது. வார்ஃபரினின் அளவு ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனையால் தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும். கீரை உண்ணும் அளவு மாறினாலும் அம்மருந்தின் விளைவு மாறக்கூடும் என்பதே இதன் நுட்பத்தை உணர்த்தப் போதுமானது.

கருவியின் வளர்ச்சி

2001-இல் வெளியான ‘ரீமேட்ச்’ ஆய்வு, மாற்று இதயத்திற்குத் தகுதி பெறாத 129 நோயாளரிடம் நிகழ்த்தப்பட்டது. ஓராண்டு உயிர்வாழ்வு மருந்து மட்டும் பெற்றோரிடம் 25 விழுக்காடாகவும், ஹார்ட்மேட் துணைக்கருவி பெற்றோரிடம் 52 விழுக்காடாகவும் இருந்தது. இதயத்தைப்போல் துடித்து இயங்கிய அக்கருவியின் உட்பரப்பு, குருதிக் கூறுகள் படிந்து ஓர் உயிர்ப்படலம் அமையும்வண்ணம் சொரசொரப்பாக்கப்பட்டிருந்தது. ஆதலின் அதற்குப் பெரும்பாலும் ஆஸ்பிரினே போதுமானதாயிற்று. ஆனால் அதன் அசையும் உறுப்புகள் விரைவில் தேய்ந்தன. ஈராண்டுக்குள் கருவி பழுதடையும் வாய்ப்பு 35 விழுக்காடு என அவ்வாய்வே காட்டியது.

அடுத்து வந்த ஹார்ட்மேட் 2, துடிப்பின்றி இடையறாது குருதியைச் செலுத்துவது. சிறியது, நெடுநாள் உழைப்பது. 2009-இல் வெளியான ஒப்பீட்டில் இதனைப் பெற்றோரின் ஈராண்டு உயிர்வாழ்வு 58 விழுக்காடாகவும், பழைய கருவியைப் பெற்றோரிடம் 24 விழுக்காடாகவும் அமைந்தது. எனினும், இதன் சுழலி இருபுறமும் தாங்கிகளில் ஊன்றிச் சுழன்றது. அத்தாங்கிகளே உறைகட்டியின் இருப்பிடங்களாயின.

பதிவேடுகள் உணர்த்திய எச்சரிக்கை

கிளீவ்லாந்து கிளினிக்கின் இதயவியலர் ராண்டல் ஸ்டார்லிங் முதலானோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனை எனலாம். கிளீவ்லாந்து கிளினிக், செயின்ட் லூயிஸ் நகரின் பார்ன்ஸ்-ஜூயிஷ் மருத்துவமனை, டியூக் பல்கலைக்கழக மருத்துவ மையம் ஆகிய மூன்றும் தம் பதிவேடுகளை ஒன்றிணைத்தன. 837 நோயாளருக்குப் பொருத்தப்பட்ட 895 ஹார்ட்மேட் 2 கருவிகள் ஆராயப்பட்டன. பொருத்திய மூன்று மாதத்திற்குள் உறுதிசெய்யப்பட்ட கருவி உறைவு, 2011 மார்ச்சுக்கு முன்னர் 2.2 விழுக்காடாக இருந்தது. 2013 தொடக்கத்தில் 8.4 விழுக்காடாக உயர்ந்தது. உறைவு தோன்றும் இடைநிலைக் காலமும் 18.6 மாதங்களிலிருந்து 2.7 மாதங்களாகச் சுருங்கியது.

இவ்வாய்வின் மற்றொரு பயன், முன்னறிகுறி ஒன்றை எண்களால் நிறுவியமையாகும். உறைகட்டியால் குறுகிய வழியில் நெருங்கிச் செல்லும் சிவப்பணுக்கள் சிதைகின்றன. அவற்றுள் இருக்கும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி குருதியில் மிகுகிறது. உறைவு கண்டறியப்படுவதற்கு முந்தைய வாரங்களில் இதன் அளவு லிட்டருக்கு 540 அலகுகளிலிருந்து 1490 ஆக உயர்ந்திருந்தது.

உறைவு கண்டோருள் கருவி மாற்றப்பட்டோர், மாற்று இதயம் பெற்றோர் ஆகியோரின் இறப்பு வீதம் உறைவு இல்லாதோரை ஒத்திருந்தது. இவ்விரண்டும் செய்யப்படாதோரிடம் ஆறு மாத இறப்பு 48.2 விழுக்காடாயிற்று. அறுவையைத் தாங்க இயலாத அளவுக்கு நலிந்தோர் இப்பிரிவில் மிகுந்திருக்கக்கூடும் என்பதையும் இங்குக் கருத்திற் கொள்ள வேண்டும். உறைவு திடீரெனப் பெருகியதற்கு ஒற்றைக் காரணம் நிறுவப்படவில்லை. உறைவுத் தடுப்பு மருந்தின் அளவைத் தளர்த்தியமை, சுழற்சி வேகத்தைக் குறைத்தமை, கருவி பொருத்தப்பட்ட கோணம் எனப் பலவும் ஐயத்திற்குரியனவாயின. இவற்றை ஒழுங்குபடுத்தி 300 நோயாளரிடம் நிகழ்த்திய ‘பிரிவென்ட்’ ஆய்வில் மூன்று மாத உறைவு 2.9 விழுக்காடாகக் காணப்பட்டது. கவனமான பராமரிப்பு இடரைக் குறைக்கும் என்பது தெளிவாயிற்று. எனினும் தாங்கி இருந்த இடத்திலேயே இருந்தது.

தாங்கியற்ற சுழலி

ஹார்ட்மேட் 3 அத்தாங்கியையே நீக்கியது. இதன் சுழலி காந்தவிசையால் எதனையும் தொடாது மிதந்தபடி சுழல்கிறது. மையவிலக்கு முறையில் இயங்கும் இதில் குருதி செல்லும் இடைவெளிகள் அகலமானவை. சுழற்சி வேகம் இரண்டு நொடிக்கு ஒருமுறை தானே மாறுவதால், தேங்கும் இடங்கள் கழுவப்படுகின்றன.

பாஸ்டனின் பிரிகாம் மகளிர் மருத்துவமனையைச் சார்ந்த மந்தீப் மெஹ்ரா தலைமையிலான ‘மொமெண்டம் 3’ ஆய்வு, இரு கருவிகளையும் 1028 நோயாளரிடம் சமவாய்ப்பு முறையில் ஒப்பிட்டது. 2019-இல் வெளியான இறுதி முடிவுகளின்படி, ஈராண்டில் கருவி உறைவு ஹார்ட்மேட் 2-இல் 13.9 விழுக்காடாகவும், ஹார்ட்மேட் 3-இல் 1.4 விழுக்காடாகவும் இருந்தது. கருவியை மாற்ற நேர்ந்தோர் முறையே 11.3, 2.3 விழுக்காட்டினர். பக்கவாதமும் 19.4 விழுக்காட்டிலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. 2022-இல் வெளியான ஐந்தாண்டுத் தொடர்கண்காணிப்பில் உயிர்வாழ்வு 43.7 விழுக்காட்டிற்கு எதிராக 58.4 விழுக்காடாக அமைந்தது.

எஞ்சிய கசிவு

உறைவு அடங்கியபின் கசிவே முதன்மைச் சிக்கலாயிற்று. இதற்கு மருந்துகள் மட்டும் காரணமல்ல. குருதியில் நீண்ட இழைகளாக விளங்கும் வான் வில்லிபிராண்ட் காரணி, காயமுற்ற இடத்தில் தட்டணுக்களைப் பற்றிக்கொள்ள உதவுவது. கருவியின் சறுக்குப் பெயர்ச்சித் தகைவால் அவ்விழைகள் விரிகின்றன. விரிந்தவற்றைக் குருதியில் இயல்பாகவே உள்ள நொதியொன்று துண்டாக்குகிறது. நீண்ட இழைகளை இழந்த குருதி காயத்தை எளிதில் அடைப்பதில்லை. குடற்சுவரில் மெலிந்த குருதி நாளங்களும் தோன்றுவதால் இரைப்பையிலும் குடலிலும் கசிவு நேர்கிறது. தட்டணுக்களை உறையத் தூண்டும் அதே விசை, உறைவுக்குத் துணையான இழையை அறுத்துக் கசிவுக்கும் வழிவகுக்கிறது. ஆகவே உறைவும் கசிவும் ஒரே மூலத்தின் இரு கிளைகள் என்பது அறியத்தக்கது.

ஆஸ்பிரின் தேவையா?

பழைய கருவிகளின் காலத்திலிருந்து தொடர்ந்துவந்த ஆஸ்பிரின், ஹார்ட்மேட் 3-க்கும் வழக்கமாகவே வழங்கப்பட்டது. கருவி மாறியபின்னும் மருந்து மாறவில்லை. இவ்வழக்கத்தை மெஹ்ரா குழுவினரின் ‘ஏரீஸ்’ ஆய்வு சோதித்தது. ஒன்பது நாடுகளின் 51 மையங்களில் 628 நோயாளர் பங்கேற்றனர். அனைவரும் வார்ஃபரின் வகை மருந்தைப் பெற்றனர். ஒரு பிரிவினர் 100 மில்லிகிராம் ஆஸ்பிரினையும், மறுபிரிவினர் மருந்தற்ற மாத்திரையையும் பெற்றனர். எவர் எதைப் பெறுகிறார் என்பது நோயாளருக்கும் மருத்துவருக்கும் தெரியாதவாறு மறைக்கப்பட்டது.

2023 நவம்பரில் முடிவுகள் வெளியாயின. குருதி இசைவு சார்ந்த பெருங்கேடு எதுவுமின்றி ஓராண்டு வாழ்ந்தோர், ஆஸ்பிரின் பெறாத பிரிவில் 74.2 விழுக்காட்டினர், பெற்ற பிரிவில் 68.1 விழுக்காட்டினர். ஆஸ்பிரினைத் தவிர்த்தோரிடம் பெருங்கசிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, உறைவு மிகவில்லை.

மதிப்பீடு

மூன்று ஆய்வுகளின் வலிமையும் ஒருதன்மையதன்று. 2014-இன் ஆய்வு பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்தது. மாற்றத்தைக் காட்ட வல்லதேயன்றிக் காரணத்தை நிறுவ வல்லதன்று. 2019-இன் ஆய்வு சமவாய்ப்பு முறையுடையது. ஆனால் எக்கருவி பொருத்தப்பட்டது என்பதை மருத்துவரிடம் மறைக்க இயலாது. 2023-இன் ஆய்வில் அம்மறைப்பும் அமைந்தது. பின்னிரு ஆய்வுகளுக்கும் கருவியை உருவாக்கும் அபாட் நிறுவனமே நிதி வழங்கியது என்பதையும் முடிவுகளோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும். மேலும், ஆஸ்பிரின் பற்றிய முடிவு ஹார்ட்மேட் 3 பெற்றோருக்கு உரியது. செயற்கை வால்வு பொருத்தப்பட்டோர், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டோர் ஆகியோர் இதனைத் தமக்குரியதாகக் கொண்டு மருந்தை நிறுத்துதல் பேரிடராக முடியும்.

முடிவுரை

முதலில் மருத்துவமனைகள் தம் பதிவேடுகளிலிருந்தே கேட்டினைக் கண்டறிந்து வெளிப்படுத்தின. பின்னர் உறைகட்டி தங்கும் தாங்கி கருவியிலிருந்து நீக்கப்பட்டது. அதன்பின் தேவையற்றதாகிவிட்ட மருந்து நீக்கப்பட்டது. வார்ஃபரின் இன்னும் தொடர்கிறது. வயிற்றின் வழியே வெளிவரும் மின்கம்பியால் நேரும் தொற்றும், இதயத்தின் வலப்பக்கத் தளர்ச்சியும் தீராதனவாகவே உள்ளன. ஆயினும், ஒரு கருவிக்காக வகுத்த மருத்துவ வழக்கத்தை அடுத்த கருவிக்கு அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதை இவ்வாய்வுகள் நிறுவியுள்ளன. நீண்டகால வழக்கம் ஒன்றே சான்றாகாது என்பதே இவை உணர்த்தும் முடிவாகும்.