ஜீ.பி.எஸ் கருவி வாங்குமுன்

பற்றை மூடிய காணியில் பழைய கிணற்றையோ எல்லைக்கல்லையோ கண்டுபிடித்தால், அந்த இடத்தைக் கையடக்க ஜீ.பி.எஸ் கருவியில் பதிந்து வைக்கலாம். மறுமுறை அது வழிகாட்டும். உங்கள் கைத்தொலைபேசியிலேயே இவ்வசதி உண்டா என முதலில் பாருங்கள். இல்லையேல் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு கருவியை வாங்கலாம்.

கடையில் விலை கூடலாம். ஆனால் வாங்குமுன் வெட்டவெளியில் வைத்துச் சோதிக்கலாம். பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஓர் இடம் உண்டு. இணையம் மூலம் வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாயின் அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பாருங்கள். உத்தரவாதம் இங்கு செல்லுமா எனவும் கேளுங்கள். எங்கு வாங்கினாலும், ஊர்க்கடையில் கிடைக்கும் பற்றரியில் இயங்குவதே நல்லது.

ஒன்றை மறவாதீர்கள். திறந்த வெளியிலும் 3 முதல் 5 மீற்றர் வரை பிழை வரலாம். மரங்களின் கீழ் இன்னும் கூடும். 10 பேர்ச் கொண்ட ஒரு பரப்புக் காணி சதுரமாயின், அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 16 மீற்றர்தான். ஆகவே இதைப் பார்த்து வேலி போடாதீர்கள். எல்லைக்கு உறுதியும் நில அளவையாளரின் வரைபடமும் வேண்டும்.

மிதிவெடியையும் இக்கருவி காட்டாது. வெடி அகற்றப்படாத காணிக்குள் இதை நம்பி இறங்க வேண்டாம்.